சொந்தக் கற்பித்தலை ஆராய்வது ஆராய்ச்சியா, புலம்பலா?

மார்ச் 3

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் கணிதம் படிப்பிக்கும் ஒரு சேர் கேட்டிருப்பது:

"பட்டப்பின் கல்வி டிப்ளோமாவில் சொந்தக் கற்பித்தலை ஆராயும் ஒப்படை ஒன்று தந்திருக்கிறார்கள். நான் படிப்பிப்பேன், நானே கவனிப்பேன், நானே எழுதுவேன், கடைசியில் முன்னேறிவிட்டேன் என்று நானே சொல்வேன். விடைத்தாளை எழுதினவனிடமே கொடுத்துத் திருத்தச் சொல்வது மாதிரி இல்லையா? இதற்குப் பெயர் ஆராய்ச்சியா? பாடத்திட்டத்தை முடிக்கவே தவணை போதாத இடத்தில் இது யாருக்கு? செய்தவர்கள் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்."

செய்தவள் நான். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். டிப்ளோமா முடிந்த பிறகுதான் இதில் இறங்கினேன். அதனால் எனக்குப் புள்ளி போட யாரும் இருக்கவில்லை. அது பெரிய விடுதலை, அதைப் பற்றிப் பிறகு.

உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. தனியே உட்கார்ந்து செய்தால் அது நாட்குறிப்பு, அதற்கு மேல் இல்லை. இந்தத் துறையைக் கட்டியவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். லபோஸ்கி என்ற அமெரிக்கப் பேராசிரியை 2004இல் சுய ஆய்வுக்கு, அதாவது சொந்தக் கற்பித்தலை ஆராய்வதற்கு, ஐந்து அடையாளங்கள் எழுதினார். ஆய்வைத் தானே தொடங்கித் தன்னையே நோக்க வேண்டும். முன்னேற்றத்தைக் குறிவைக்க வேண்டும். பிறரோடு சேர்ந்து பேசிச் செய்ய வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் தரவு எடுக்க வேண்டும். நடந்ததை உதாரணங்களோடு திறந்து வைத்து, மற்ற ஆசிரியர்கள் நம்பி எடுத்துப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். நீங்கள் விவரித்த ஒப்படையில் மூன்றாவதும் ஐந்தாவதும் இல்லை. இல்லாமல் செய்தால் நீங்கள் சொன்ன மாதிரித்தான் முடியும்.

மார்ச் 4

இன்னொன்று. "முன்னேறிவிட்டேன் என்று நானே சொல்வேன்" என்கிறீர்கள். இந்த ஆய்வு பெரும்பாலும் அதற்கு நேர்மாறான இடத்தில்தான் தொடங்குகிறது. ஜாக் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயர் 1970களின் தொடக்கத்தில் லண்டனில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தார். தன் வகுப்பில் பிள்ளைகளே கேள்வி எழுப்பித் தேடிக் கற்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். பாடத்தை வீடியோ எடுத்துப் பார்த்தால், கேள்விகளை எல்லாம் பிள்ளைகளின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தது அவரேதான். பின்னாளில் பாத் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1989இல் எழுதிய கட்டுரையில், தன்னை ஓர் உயிருள்ள முரண்பாடு என்றார். ஒன்றை மதிக்கிறேன் என்று சொல்லும் அதே நேரத்தில் அதை மறுப்பதைச் செய்பவன் என்ற அர்த்தத்தில்.

புள்ளி கூடியதா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. சொல்வதும் செய்வதும் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கின்றன என்பதுதான் கேள்வி.

மார்ச் 9

இதை யார் தொடங்கினார்கள் என்று ஒரு டீச்சர் கேட்டார். பாடசாலை ஆசிரியர்கள் இல்லை. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் விரிவுரையாளர்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கத்துக்குள் 1993இல் இதற்கென்று ஒரு குழு அமைந்தது. 1996இல் இங்கிலாந்தில் ஹேர்ஸ்ட்மொன்சோ என்ற கோட்டையில் முதல் மாநாடு. அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூடுகிற கூட்டத்துக்குப் பெயரே கோட்டை மாநாடு. நாங்கள் தகரக் கூரைக்குக் கீழே ஒழுகாத மூலை தேடிக் கூட்டம் வைக்கிறோம்.

தொடங்கினவர்கள் விரிவுரையாளர்கள் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். மாணவர் மையக் கற்பித்தல் பற்றி இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் விரிவுரை கேட்டு, குறிப்பெழுதிக் கை வலித்தவர்கள் இங்கே எத்தனை பேர்? அந்த மாதிரி ஒரு விரிவுரையாளர் தன்னைத்தானே பதிவுசெய்து கேட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்துதான் இது பிறந்திருக்கிறது. கனடாவில் டொம் ரசல் பல்கலைக்கழக வேலையோடு சேர்த்து மறுபடி உயர்பள்ளியில் பௌதிகம் படிப்பிக்கப் போனார். மெல்பர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் நோர்த்ஃபீல்ட் 1993இல் ஏழாம் வகுப்புக்குக் கணிதமும் விஞ்ஞானமும் எடுத்து, வகுப்பில் நடந்ததைத் தொடர்ந்து எழுதிவைத்தார். எங்கள் பக்கம் ஒரு விரிவுரையாளர் ஒரு தவணைக்குத் தோட்டப் பாடசாலைக்கு வந்து தரம் 7 எடுத்தால், மதியச் சாப்பாட்டை நானே கொண்டுவருகிறேன். ரொட்டியும் கட்டச் சம்பலும்.

மார்ச் 10

"இது செயல்நிலை ஆய்வுதானே, பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள்." வலப்பனையிலிருந்து ஒருவர்.

உறவு உண்டு. கர்ட் லெவின் 1946இல் செயல்நிலை ஆய்வைப் பற்றி எழுதியதிலிருந்து ஒரு கோடு இழுக்கலாம். இங்கிலாந்தில் ஸ்டென்ஹவுஸ் 1970களில் ஆசிரியரே ஆய்வாளர் என்று வாதாடியது இன்னொரு கோடு. ஆனால் செயல்நிலை ஆய்வு, "இந்தப் பிள்ளைகளுக்குப் பின்னம் விளங்கவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்கும். சுய ஆய்வு, "பின்னம் விளங்காமல் போவதில் என் பங்கு என்ன?" என்று கேட்கும். இரண்டாவதைக் கேட்டால் வயிற்றில் கொஞ்சம் எரியும்.

எங்கள் பக்கத்துச் செயல்நிலை ஆய்வு அறிக்கைகளை அடுக்கிவைத்துப் பாருங்கள். முன் சோதனை, தலையீடு, பின் சோதனை. எல்லாவற்றிலும் புள்ளி ஏறியிருக்கும். இறங்கிய ஓர் அறிக்கையை நான் இன்னும் பார்க்கவில்லை. மலைநாட்டில் பஸ்கூட இவ்வளவு சீராக ஏறாது.

மார்ச் 17

எப்படிச் செய்தாய் என்று கேட்பவர்களுக்காக. நீளும்.

ஃபோனில் பதிவு. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் வெண்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நாள் ஃபோனைப் பார்த்துத்தான் பேசினார்கள், ஒருவன் பாட்டும் படித்தான். அப்புறம் மறந்துவிட்டார்கள். நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதையும் எழுத்தில் இறக்கப் போகாதீர்கள், பைத்தியம் பிடிக்கும். பத்து நிமிடத்தை எழுதுவதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். கேள்வியும் பதிலும் நடக்கும் பகுதியை மட்டும் எடுங்கள். வடக்கில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: இங்கே ஜூனில் பதிவுசெய்தால் தகரத்தில் மழை விழும் சத்தத்தைத்தான் ஆராயலாம். எங்கள் பாடசாலைக்கு ரயில் சத்தமும் சேர்த்தி. பதுளை ரயில் வளைவில் ஊதும்போது நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே தெரியாது.

இரண்டாவது, வகுப்பில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு வரைபடம். நான் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு. அதை நான் போடவில்லை. தரம் 11 பிள்ளை ஒருவரைப் பின்னால் உட்காரவைத்துப் போடச் சொன்னேன். மூன்றாவது, பாடம் முடிந்தவுடன் பிள்ளைகள் எழுதித் தரும் துண்டுக் கடதாசி. பெயர் வேண்டாம்.

பதிவில் முதலில் பார்த்தது கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பெண் 1970களிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன்தான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று செக்கனாக்கினால் பதில்கள் நீள்கின்றன, "தெரியாது" குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள். படித்தபோது நம்பினேன். என் குரலில் கேட்டபோதுதான் அந்த ஒரு செக்கன் எவ்வளவு சின்னது என்று விளங்கியது. கேள்வி, உடனே பெயர், உடனே என் வாயிலேயே பாதிப் பதில். பிள்ளை மீதிப் பாதியை முடித்துவைக்கும். நான் "கெட்டிக்காரன்" என்பேன். கெட்டிக்காரி யார் என்று பதிவைக் கேட்டால் தெரியும்.

ஒளித்தொகுப்புப் பாடம். இலை, சூரிய ஒளி, காபனீரொட்சைட்டு. நடுவில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "நெழல் மரத்துக்குக் கீழ உள்ள எல கருப்பா பெருசா இருக்கும் மிஸ்." அதற்கு மேல் ஒரு விஞ்ஞான ஆசிரியருக்கு என்ன வேண்டும்? நிழலில் வளரும் இலை ஏன் அகன்று கரும்பச்சையாகிறது என்று அப்படியே பாடத்தைத் திருப்பியிருக்கலாம். பதிவில் நான் "ம்ம்" என்கிறேன். அடுத்த கேள்வி.

வரைபடம் சொன்னது வேறு கதை. கோடுகள் முன் வரிசையில் குவிந்திருந்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் முன் வரிசையில் யார்? டவுனிலிருந்து வருகிறவர்களும் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும். தோட்டத்தின் தூரப் பிரிவுகளிலிருந்து, அதாவது தூர டிவிஷனிலிருந்து, நடந்துவரும் பிள்ளைகள் பிந்தித்தான் வருவார்கள். பிந்தி வந்தால் பின் வாங்கு. இந்த ஒழுங்கை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ரோடுதான் செய்தது.

மார்ச் 18

ஃபோனில் இடம் போதவில்லை என்றால் மாமியார் அனுப்பும் காலை வணக்கப் படங்களை முதலில் அழியுங்கள். அனுபவம்.

மார்ச் 30

முன்பு விடுதலை என்று சொல்லி நிறுத்தியது.

எங்கள் வேலையில் எழுதுவதெல்லாம் ஒருவர் கையெழுத்துப் போடுவதற்காக எழுதுவது. பாடக்குறிப்புக்கு அதிபரின் கையெழுத்து, மேற்பார்வைக்கு வருபவர்களின் குறிப்பு, சம்பவத்திரட்டுப் புத்தகம். ஆகவே பாடக்குறிப்பில் எந்தப் பாடமும் தோற்பதில்லை. "மாணவர் ஆர்வத்துடன் பங்குபற்றினர்." மழைக்கு வகுப்பில் பாதிப் பேர் வராத நாளிலும் பங்குபற்றினர். காமன் கூத்து நடக்கிற மாசி மாதத்தில், இரவு முழுக்க விழித்துவிட்டு வந்து மேசையில் தலை வைத்துத் தூங்கினார்கள். தூங்கியபடியே ஆர்வத்துடன் பங்குபற்றினர்.

சேர், உங்கள் ஒப்படையில் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். சுய ஆய்வுக்கு எவரும் கையெழுத்துப் போடாத ஒரு கொப்பி வேண்டும். அதைப் புள்ளிக்காக வாங்கிப் படிப்பார்கள் என்று தெரிந்த நிமிடமே பேனை தானாகவே "ஆர்வத்துடன்" என்று எழுதத் தொடங்கிவிடும். இரண்டு கொப்பி வையுங்கள். ஒன்று உங்களுக்கு. அதிலிருந்து எதை எடுத்து ஒப்படைக்குக் கொடுக்கலாம் என்பதைப் பிறகு முடிவுசெய்யலாம்.

ஏப்ரல் 21

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

என் பதிவுகளைக் கேட்க ஒரு ஆள் தேவைப்பட்டது. பஸ்ஸில் தினமும் சந்திக்கிற அக்கா ஒருவர், வேறு பாடசாலை, தமிழ் படிப்பிக்கிறார். ஒரு பதிவைக் கொடுத்தேன். நான் அவரிடம் கேட்டது கேள்விக்கும் பதிலுக்கும் இடையே உள்ள நேரத்தைப் பற்றி. அவர் திருப்பிக் கேட்டது வேறு.

"'படிக்காட்டி நாளைக்கு மலைக்குத்தான் போகணும்'னு சொல்றீங்களே. அந்த வகுப்புல யாரோட அம்மா மலைக்குப் போகாதவங்க?"

வெளியூர்க்காரர்களுக்கு: மலை என்றால் இங்கே தேயிலை மலை. கொழுந்து வேலை.

எனக்குக் கோபம் வந்தது. ஹட்டனிலிருந்து கொட்டகலை வரைக்கும் வாதாடினேன். என் அம்மாவும் மலைக்குப் போனவர். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், விளக்கு வெளிச்சத்தில் என்னைப் படிக்க வைத்தது அதே வசனம்தான். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையென்றால் யாருக்கு இருக்கிறது? தோட்டங்கள் 1970களில் அரசுடைமையான பிறகுதான் தோட்டப் பாடசாலைகளும் அரசின் கைக்கு வந்தன. பத்தனை கல்வியியற் கல்லூரியும் கொட்டகலை கலாசாலையும் எங்கள் ஆட்களையே ஆசிரியர்களாக்கி அனுப்பின. வெளியிலிருந்து வந்த வாத்தியார் எங்களை இளக்காரமாகப் பார்க்கிறார் என்ற பழைய குறையை இப்போது சொல்ல முடியாது, ஏனென்றால் வகுப்பில் நிற்பது நாங்கள்தான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, உரிமையைப் பத்தி நான் கேக்கலயே" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

பெற்றோர் கூட்டத்தில் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு அம்மா சொன்னது: "நீங்க நல்லா சொல்லுங்க டீச்சர். நாங்க சொன்னா எங்க கேக்குறான்?" இன்னொருவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். பிள்ளைகளிடம் துண்டுக் கடதாசியில் கேட்டேன், நான் வகுப்பில் சொல்வதில் பிடிக்காதது எது என்று. பெரும்பாலும் வீட்டுவேலையைப் பற்றி. மலை வசனத்தைக் குறிப்பிட்டவர்கள் மிகச் சிலர். அதிலும் ஒருவர், "எங்க வீட்லயும் அதத்தான் சொல்லுவாங்க" என்று எழுதியிருந்தார். அது குறையா, சமாதானமா? கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் முடிவு, இப்போதைக்கு: அம்மா தன் பிள்ளையிடம் அதைச் சொல்லும்போது "என்னைப் போல் கஷ்டப்படாதே" என்ற அர்த்தம் இருக்கிறது. நான் வகுப்பு முழுவதையும் பார்த்துச் சொல்லும்போது அந்த அர்த்தம் போய், அம்மாவின் வேலை ஒரு தண்டனையாக மட்டும் நிற்கிறது. அதே வாயால் அடுத்த நிமிடம் தேயிலை இலையை உதாரணமாக எடுத்து ஒளித்தொகுப்பு படிப்பிக்கிறேன். பின் வாங்குப் பிள்ளை நிழல் மரத்தைப் பற்றிப் பேசத் துணிந்ததே பெரிய விஷயம்.

ஏப்ரல் 22

நேற்று எழுதியதற்கு வந்த பதில்களில் இரண்டுக்கு மட்டும்.

"இதெல்லாம் ஆராய்ச்சி இல்லை, மனச்சாட்சிப் பரிசோதனை." அந்த ஆபத்து இருக்கிறது. பல்லோவும் பின்னகாரும் 2001இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் எச்சரித்தார்கள். சுய ஆய்வு பார்க்க வேண்டியது 'நான்' என்பதை மட்டும் அல்ல, தொழிலை மட்டும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தை. 'நான்' பக்கம் சாய்ந்தால் பாவமன்னிப்பாகிவிடும், மறுபக்கம் சாய்ந்தால் சாதாரண ஆய்வறிக்கையாகிவிடும். என் கோபத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் நான் அந்தப் பக்கம் விழுவேன். அந்த வசனத்தோடு வகுப்பில் பேச்சு எங்கே நிற்கிறது, யார் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை என்று பதிவில் எண்ணிப் பார்ப்பதுதான் ஆய்வு.

"அப்போ பிள்ளைகளை என்ன சொல்லிப் படிக்கவைப்பது?" நல்ல கேள்வி. பயமுறுத்தாமல் புலமைப்பரிசில் வகுப்பு எடுத்த ஒருவரை எனக்குக் காட்டுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

மே 5

ஒன்று முயன்றேன். கவ்வாத்து வெட்டின செடி மறுபடி எப்படித் துளிர்க்கிறது, எத்தனை நாளில் கொழுந்து எடுக்கலாம் என்று வீட்டில் அம்மாவிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். வந்த தகவல் பாடப்புத்தகத்தில் இல்லாதது. இலையே இல்லாத செடி சேமித்த உணவை வைத்துத்தான் துளிர்க்க முடியும் என்ற இடத்துக்கு வகுப்பு தானாகவே வந்து சேர்ந்தது. வேரில் மாச்சத்து இருக்கும் என்ற வார்த்தையை நான் கடைசியில்தான் சொன்னேன்.

அக்காவுக்குப் பெருமையாகச் சொன்னேன். அவர்: "அம்மா கொழும்புல வேலைக்கு நிக்கிற பிள்ளைங்க? வெளிநாட்டுக்குப் போனவங்க?"

அந்தப் பிள்ளைகள் வெறும் கொப்பியோடு வந்திருந்தார்கள். நான் வீட்டுவேலை செய்யாதவர்கள் பட்டியலில் சேர்த்திருந்தேன். இனி "வீட்டில் பெரியவர் ஒருவரிடம்" என்று கேட்கிறேன். அம்மாயிகளுக்கு அம்மாக்களைவிடக் கூடத் தெரிந்திருக்கிறது. எந்த மலையில் எந்த வருடம் கவ்வாத்து நடந்தது என்பது வரைக்கும்.

மே 12

இந்த அக்கா மாதிரி ஒருவரைத்தான் விமர்சன நண்பர் என்கிறார்கள். யாரை வைத்துக்கொள்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அவர் உங்களுக்கு மேலதிகாரியாக இருக்கக் கூடாது. அதே பாடசாலையாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது, ஆசிரியர் அறை அரசியல் நடுவில் வராது. அதே பாடமாகவும் இருக்க வேண்டியதில்லை. அக்கா விஞ்ஞானம் தெரிந்தவராக இருந்திருந்தால் ஒளித்தொகுப்பைப் பற்றிப் பேசியிருப்பார், என் வாயைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார். கணவனோ மனைவியோ வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு ஏற்கெனவே நிறைய விமர்சனம் இருக்கிறது.

கூட்டாகச் செய்ய முடிந்தால் அதைவிட நல்லது. மெல்பர்னில் லேவர்ட்டன் உயர்நிலைப் பள்ளியில் 1985இல் ஆசிரியர்கள் சிலர் இப்படித் தொடங்கினார்கள். இயன் மிச்சல் என்ற ஆசிரியரும் மொனாஷைச் சேர்ந்த ஜோன் பெயர்டும் முன்னின்றார்கள். வெவ்வேறு பாடக்காரர்கள் வாரத்துக்கு ஒரு முறை கூடி, வகுப்பில் நடந்ததைச் சொல்லி, அடுத்து என்ன செய்வது என்று பேசினார்கள். பிள்ளைகள் ஏன் யோசிக்காமல் குறிப்பெழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் அவர்களின் கவலை. அது பிறகு வேறு பள்ளிகளுக்கும் வேறு நாடுகளுக்கும் பரவியது. யாரும் சுற்றுநிருபம் அனுப்பித் தொடங்கியதில்லை என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

மே 13

நேற்று எழுதியதை வாசித்த பிறகு ஒரு யோசனை. பஸ் பயணத்தில் கிடைத்த நண்பரைக் கொண்டு ஒரு முறையைப் பரிந்துரைக்கிறேன். மேலேயுள்ள டிவிஷனில், பிற்பகல் ஒரே ஒரு பஸ் போகும் பாடசாலையில், நாலைந்து பேர் மட்டும் இருக்கும் இடத்தில் இது எப்படி? அங்கே நண்பர் தேடுவதைவிடக் குரல் பதிவை இன்னொருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் வழி என்று நினைத்தேன். ஆனால் அதில் பிள்ளைகளின் குரல் இருக்கிறது. யோசிக்க வேண்டியது.

ஜூன் 8

யோசித்தேன். அனுப்பாதீர்கள்.

சுய ஆய்வு என்று பெயர் இருந்தாலும் அதில் 'சுயம்' மட்டும் இருப்பதில்லை. பிள்ளைகள், பெற்றோர், அதிபர், சக ஆசிரியர்கள் எல்லாரும் கேட்காமலேயே உள்ளே வந்துவிடுகிறார்கள். ஆய்வுக் கையேடுகளில் பெயரை மாற்றினால் போதும் என்று இருக்கும். ஒரு தோட்டத்தில் அது போதாது. "தரம் 8, மேல் டிவிஷன், இரட்டைப் பிள்ளைகளில் மூத்தது" என்று எழுதினால் பெயர் எதற்கு? கடைக்காரருக்கே தெரிந்துவிடும். இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பிள்ளையாக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அதைச் செய்யத் தொடங்கினால் எங்கே கதை முடிகிறது, எங்கே தரவு தொடங்குகிறது என்று எனக்கே மறந்துபோகும்.

நான் செய்வது: பிள்ளை சொன்னதில் எனக்குத் தேவையான வரியை மட்டும் எழுதுவேன். தரம், ஆணா பெண்ணா, எந்த டிவிஷன் எதுவும் இல்லை. எழுத்தில் இறக்கியதும் பதிவை அழித்துவிடுவேன். வெளியில் காட்டுவதாக இருந்தால் பிள்ளையிடமும் வீட்டிலும் கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம். நிழல் மர வசனத்தை இங்கே போடுவதற்கும் கேட்டேன். அந்தப் பிள்ளை, "நான் அப்புடியா சொன்னேன்?" என்றது. அதற்கு ஞாபகமே இல்லை.

சக ஆசிரியர்களைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம். "எங்கள் பாடசாலையில் சிலர் பிரம்பு வைத்திருக்கிறார்கள்" என்பது சுய ஆய்வு இல்லை. அது முறைப்பாடு. தேவையென்றால் அதற்குரிய இடத்தில் செய்யுங்கள்.

ஜூன் 9

இல்லை, நான் பிரம்பு வைத்திருப்பதில்லை. கேட்ட மூவருக்கும் ஒரே பதில்.

ஜூலை 7

பொகவந்தலாவை சேர் திரும்பி வந்திருக்கிறார். வகுப்பு வரைபடத்தைச் செய்து பார்த்தாராம். கரும்பலகைக்குக் கூப்பிடுவது விடை தெரிந்தவர்களை மட்டும்தான் என்று தெரிந்துகொண்டாராம். ஏன் என்று யோசித்தால், தெரியாத பிள்ளையைக் கூப்பிட்டால் நேரம் போகும், பாடத்திட்டம் பிந்தும். "இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டுமா? எனக்கு முன்னமே தெரியும். தெரிந்தே செய்கிறேன்" என்கிறார். இன்னும் நம்பவில்லையாம்.

சேர், இதை அப்படியே ஒப்படையில் எழுதுங்கள். ஒருவர் தெரிந்தே செய்கிறார் என்றால் அங்கே பழக்கத்தைவிட வலுவான ஏதோ இருக்கிறது. பாடத்திட்டத்தின் நீளமா, பெறுபேற்றுக் கூட்டத்தில் அதிபர் கேட்கப்போகும் கேள்வியா, சித்தியடையக் கூடியவர்களை மட்டும் கரையேற்றினால் போதும் என்ற கணக்கா? சாதாரண தரக் கணிதத்தில் ஒரு பிள்ளை தவறினால் உயர்தரத்துக்குப் போகும் வழி எவ்வளவு குறுகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் தவறக்கூடிய பிள்ளையைக் கூப்பிடாமல் விடவைப்பது எது என்பதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி. முன்னேறிவிட்டேன் என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை.

புள்ளி குறைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைக்கலாம். ஒப்படையைத் திருத்துபவர் எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஐந்தாவது அடையாளத்தைப் பற்றி எனக்கும் இப்போது அவ்வளவு உறுதி இல்லை. மற்ற ஆசிரியர்கள் நம்பினால் ஆய்வு செல்லுபடியாகும் என்கிறார்கள். நாங்கள் எல்லாரும் ஒரே வழியில் பழகினவர்கள் என்றால், ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொள்வோமே. மலை வசனத்தைக் கேட்டு எத்தனை ஆசிரியர்கள் "அதில் என்ன பிழை?" என்று எழுதினீர்கள், பாருங்கள். அவர்களின் நம்பிக்கையை வைத்து அளந்திருந்தால் நான் அந்த இடத்தைத் தாண்டியே இருக்க மாட்டேன். நம்பாத ஓர் ஆளும் வாசகராக இருக்க வேண்டும். நீங்கள் அந்த வேலையை நன்றாகச் செய்கிறீர்கள்.

ஜூலை 21

ஆசிரிய ஆலோசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். இந்த இழையை வாசித்தாராம். வலய மட்டத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் சுய ஆய்வைக் கட்டாயமாக்கி, மாதம் ஒரு அறிக்கை வாங்கலாமா என்கிறார். படிவத்தின் மாதிரியும் அனுப்பியிருக்கிறார். அதில் "இனங்காணப்பட்ட குறைபாடு", "எடுக்கப்பட்ட நடவடிக்கை", "அடைந்த முன்னேற்றம்" என்று மூன்று கட்டம். கீழே அதிபரின் கையெழுத்துக்கு இடம்.

வேண்டாம், சேர். அடுத்த மாதமே ஒரு பாடசாலையில் ஒருவர் நிரப்புவார், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். மூன்றாவது கட்டத்தில் எல்லாருக்கும் முன்னேற்றம் வரும். முதல் அடையாளமே தானாகத் தொடங்குவது என்பதுதான்.

உதவ வேண்டும் என்றால் வலயத்தால் மட்டும் முடியக்கூடியவை இருக்கின்றன. நேரசூசி போடும்போது ஒரே பாடசாலையில் இரண்டு ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பாடவேளை சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைக்கும்படி அதிபர்களிடம் சொல்லுங்கள். ஓர் ஆசிரியர் பக்கத்துப் பாடசாலைக்குப் போய் இன்னொருவரின் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதற்குத் தவணைக்கு ஒரு நாள் கடமை லீவு கொடுங்கள். போனவர் என்ன பார்த்தார் என்று அறிக்கை கேட்காதீர்கள். பஸ் செலவு கொடுத்தால் நன்றி.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.